பாடம் செய்த தலையில் குறை தெரிந்தால்: யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது?

வேட்டையாடிய மானைப் பாடம் செய்யக் கொடுத்து, பல மாதம் காத்திருந்து வாங்கி வந்த தலை சுவரில் ஏறியாகிவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதோ உறுத்துகிறது. ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் அகலத் திறந்திருக்கிறது. காதின் அடியில் மெல்லிய வெடிப்பு ஓடுகிறது. சில சமயம் வெடிப்பு, கிழிசல் என்று எதுவுமே இருக்காது. ஆனாலும் இது காட்டில் பார்த்த அந்த மானின் முகம் இல்லை என்று மட்டும் தோன்றும்.

இப்போது என்ன செய்வது? பேசாமல் விட்டுவிடலாம். பாடம் செய்தவருக்கு உடனே போன் போடலாம். படங்களோடு எழுதி அனுப்பலாம். தலையைத் தூக்கிக்கொண்டு அவருடைய பட்டறைக்கே போகலாம். வேறு ஒருவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். கோபம் தலைக்கேறினால் ஊரறியச் சொல்லலாம், வழக்கும் போடலாம். இவை எல்லாமே ஆட்கள் உண்மையில் எடுக்கிற முடிவுகள்தான். என் கட்சி இது: செய்தவர் காதுக்குத்தான் முதலில் போகவேண்டும், அதுவும் 'நல்லா வரலை' என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்த இடத்தில் என்ன என்று விரல் வைத்துக் காட்டும்படி போகவேண்டும். போன், கடிதம், நேர்ப்பேச்சு இவற்றில் எது சரி என்பதைக் குறையின் வகைதான் தீர்மானிக்கும். அதனால் குறையை முதலில் பார்த்துவிடுவோம்.

குறை எங்கே பிறந்தது?

பாடம் செய்த ஒரு தலை மூன்று இடங்களைக் கடந்துதான் வந்திருக்கிறது: வேட்டைக் களம், பட்டறை, மாட்டியிருக்கும் வீடு. மூன்றிலும் அது கெட்டுப்போக வழி இருக்கிறது. புகார் சொல்லப் போகிறவர் இதைப் பிரித்துப் பார்க்காமல் போனால், பேச்சு முதல் இரண்டு நிமிடத்திலேயே 'உங்கள் தப்பு, என் தப்பு' என்று முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

முடி கொத்தாகப் போய்த் தோல் தெரிவதை எடுத்துக்கொள்வோம். பார்த்தவுடன் பாடம் செய்தவர் மேல்தான் கோபம் வரும். ஆனால் விலங்கு விழுந்த நேரத்திலிருந்தே பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடுகிறது. தோலைச் சீக்கிரம் உரித்துக் குளிரவைக்காவிட்டால், அல்லது சூடும் ஈரமுமாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியின் பின்னால் போட்டுவைத்தால், மேல்தோல் தளர்ந்து முடியை விட்டுவிடும். அன்றைக்கு அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். பதனிடும்போதுதான் முடி கையோடு வரும். உறைபெட்டியிலிருந்து எடுத்த தோலைப் பட்டறையில் அதிக நேரம் வெளியே போட்டு வைத்தாலும் இதே கதிதான். ஆகவே முடி உதிர்ந்ததற்கு யார் பொறுப்பு என்று தலையை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இங்கே அவரிடம் கேட்கவேண்டியது இதுதான்: தோல் கைக்கு வந்தபோது எப்படி இருந்தது, வேலையின் நடுவில் முடி போவது தெரிந்ததா, தெரிந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நல்ல கைவினைஞர் இப்படிப்பட்ட தோலை அச்சில் (தோலுக்குள் இருக்கும் தலை வடிவத்தில்) ஏற்றுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். சொல்லாமல் ஏற்றியதுதான் குறை என்றால், அதை அவராலும் மறுக்க முடியாது.

தோல் அச்சைவிட்டு எழும்புவது வேறு கதை. இன்றைக்குப் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரையில் வார்த்த அச்சின் மேல்தான் பதனிட்ட தோலைப் பசை தடவிப் போர்த்துகிறார்கள். தோல் காயும்போது சுருங்கும். கண்ணுக்கு முன்னால் உள்ள கண்ணீர்க் குழி, மூக்குத் துவாரம், காதின் உட்புறம், கழுத்துத் தசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் போன்ற குழிவான இடங்களில் பசை பிடிக்காவிட்டால், தோல் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே நேராக இழுத்துக்கொண்டு நிற்கும். இதைத் தடுக்கத்தான் காயும்வரை ஊசி குத்தி, காதுக்கு அட்டை வைத்து இறுக்கிப் பிடித்திருப்பார்கள். இமை கண்ணாடிக் கண்ணைவிட்டு விலகுவது, மடித்துச் செருகிய உதடு வெளியே வந்துவிடுவது, கொம்பின் அடியில் தோல் பின்வாங்கி இடைவெளி விடுவது எல்லாமே இந்தச் சுருக்கத்தின் வேலைதான். தோலைப் போதுமான அளவு மெலிதாகச் சீவாமல் விட்டாலோ, தோலுக்குப் பெரிய அச்சைத் தேர்ந்து இழுத்துத் தைத்தாலோ சுருக்கம் இன்னும் மோசமாக இருக்கும். இவை பெரும்பாலும் பட்டறையில் பிறக்கும் குறைகள். பல இடங்களில் தலையை வாங்கிப் போன சில வாரம், சில மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால், 'வாங்கும்போது நன்றாகத்தானே இருந்தது' என்ற பதில் இங்கே முழுப் பதில் ஆகாது.

மூன்றாவது, வீடு. நேர் வெயில் படும் சுவரில் முடியின் நிறம் வெளுக்கும். கணப்படுப்புக்கு மேல் மாட்டினால் வெப்பத்தில் தோல் மறுபடி மறுபடி காய்ந்து தையலும் காதடியும் வெடிக்கும். புகைக்கரி முடியில் படியும். ஈரப்பதம் ஏறி இறங்கும் அறையிலும் வெடிப்பு வரும். கணப்படுப்புக்கு மேலே மாட்டுவதுதான் அழகு என்று எல்லோருக்கும் தோன்றுகிறது; தலைக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை. அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் தலையின் வெடிப்புக்காகப் புகார் எழுத உட்காரும் முன் அதை வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள். எழுதும்போது அது எங்கே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதலில் பகல் வெளிச்சத்தில், தலை இருக்கும் உயரத்துக்கு உங்கள் கண்ணையும் கொண்டுபோய், நேர் முன்னால் நின்று பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, இரண்டு காதின் அடியும் கொம்பிலிருந்து ஒரே தூரமா என்று அப்போது தெரியும். பிறகு அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், கன்னத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எழும்பிய தோல் நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தை நகத்தால் மெல்லத் தட்டினால் உள்ளே காற்றிருக்கும் ஓசை வரும். ஒட்டியிருக்கும் இடத்தில் வராது. அழுத்தக் கூடாது. காய்ந்த தோல் அழுத்தினால் உள்ளே போகாது, கிழியும்.

பேசாமல் இருப்பது

சில விஷயங்களுக்கு இதுதான் சரி. கழுத்தில் பழைய தழும்பு, காது நுனியில் கிழிசல், ஓரிடத்தில் தேய்ந்த முடி இவையெல்லாம் அந்த விலங்கு உயிரோடு இருந்தபோதே சுமந்தவையாக இருக்கலாம். வேட்டையன்று எடுத்த படத்தை ஒருமுறை பாருங்கள். அதிலும் இருந்தால் அது குறையே இல்லை, அது அந்த விலங்கின் அடையாளம். பின்கழுத்து முடியை விரலால் விலக்கினால் தையல் தெரிவதும் அப்படித்தான். தைக்காமல் தோலைப் போர்த்த முடியாது. கொம்பின் அளவு குறைந்துவிட்டது என்பதும் அடிக்கடி வரும் புகார். கொம்பும் மண்டையும் காயும்போது கொஞ்சம் சுருங்கும். 1887-இல் தொடங்கிய அமெரிக்க வேட்டைக்காரர் அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் கிளப், பெரிய கொம்புகளுக்கான தன் பதிவேட்டுக்கு அளவெடுக்க 60 நாள் காயவேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். ஈரத்தோடு எடுத்த அளவையும் ஒரு வருடம் கழித்து எடுத்த அளவையும் வைத்துக்கொண்டு பாடம் செய்தவரைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. இரண்டு கொம்பையும் சேர்த்துப் பிடிக்கும் மண்டையோட்டுத் தகடு இரண்டாகப் பிளந்திருந்தால் மட்டும் அது வேறு விஷயம். அப்படிப்பட்ட கொம்பு பதிவேட்டுக்கே போக முடியாது, பிளந்தது எப்போது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மற்றபடி, சங்கடத்துக்காகப் பேசாமல் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர் மனம் நோகும், இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார் என்று தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடப் போட, குறை பட்டறையில் பிறந்ததா வீட்டில் வந்ததா என்று சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போகும். ஒரு உயிரை எடுத்து, அதன் முகத்தைக் காலத்துக்கும் வைத்திருக்கிறோம் என்று முடிவு செய்த பிறகு, அந்த முகம் சரியாக இருக்கவேண்டும் என்று கேட்பது அந்த விலங்குக்கும் நாம் செய்யவேண்டிய மரியாதை.

போனா, எழுத்தா?

போனுக்கு வேகம் உண்டு, ஆனால் ஞாபகம் இல்லை. அவர் கையில் இன்னொரு தோலோடு நின்றுகொண்டிருப்பார். உங்கள் தலை எது என்று நினைவுக்கு வருவதற்குள் நீங்கள் பாதி சொல்லி முடித்திருப்பீர்கள். 'கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்' என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். மூன்று மாதம் கழித்து யார் என்ன சொன்னார்கள் என்பதில் இருவருக்கும் இரண்டு நினைவு இருக்கும்.

போன்தான் சரி என்று சொல்லக்கூடிய நிலைமைகளும் உண்டு. முடிக்குள் புழுவோ, தலைக்குக் கீழே சுவரோரம் பொடியும் உதிர்ந்த முடியும் கண்டால் அன்றே கூப்பிடவேண்டும். அந்துப்பூச்சியின் புழுவும் தோல் வண்டின் புழுவும் முடியையும் தோலையும் தின்னும். பக்கத்தில் இருக்கும் கம்பளித் துணிக்கும் பரவும். தலையைக் கழற்றி, பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டித் தனியே வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று அவரைக் கேளுங்கள். பட்டறையிலிருந்து வந்த பூச்சியா உங்கள் வீட்டுப் பூச்சியா என்ற விவாதம் அப்புறம். பட்டறையிலிருந்துதான் வந்தது என்றால் அவரிடம் இருக்கும் மற்றவர்களின் தலைகளுக்கும் ஆபத்து. அதனால் அவருக்கும் இது அவசரச் செய்திதான். கொம்பு ஆடுகிறது, மாட்டும் கொக்கி கழன்று வருகிறது என்றாலும் போன்தான்.

மற்ற எல்லாவற்றுக்கும் எழுத்தே மேல். எழுத உட்கார்ந்தால்தான் நமக்கே தெளிவு வரும். 'முகமே சரியில்லை' என்று நினைத்திருந்தது 'இடது கண்ணின் கீழிமை தாழ்ந்திருக்கிறது' என்று சுருங்கும். பாடம் செய்பவருக்கும் படத்தை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்து, தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல நேரம் கிடைக்கும். ஓர் உதாரணம்:

"வணக்கம். போன மாதம் உங்களிடம் வாங்கி வந்த மான் தலை பற்றி எழுதுகிறேன். கொம்பு அமைந்திருக்கும் விதமும் கழுத்தின் திருப்பமும் மனதுக்கு நிறைவாக இருக்கின்றன. இரண்டு இடங்களை மட்டும் நீங்கள் பார்க்கவேண்டும். வலது கண்ணின் முன் மூலையில் இமை கண்ணாடியைவிட்டு விலகி இடைவெளி தெரிகிறது. வலது காதின் அடியில் விரலகலத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. வாங்கிய அன்று எடுத்த படத்தில் அது இல்லை. தலை வெயில் படாத உட்சுவரில் இருக்கிறது, பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இல்லை. ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன். இவை காயும்போது வந்தவையா, சரிசெய்ய முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். எந்த நாளில் கொண்டு வரலாம்?"

இதில் பாராட்டு முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அது தடவிக்கொடுப்பதற்காக இல்லை. எது நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான், கைவைக்கவேண்டாத இடம் எது என்று அவருக்குத் தெரியும். தலை எங்கே மாட்டியிருக்கிறது என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டதால், அவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது இரண்டாவது கடிதத்துக்கு. 'சரிசெய்யுங்கள்' என்ற உத்தரவும் இல்லை. என்ன செய்ய முடியும் என்று சொல்லும் வேலையை அவரிடமே விட்டிருக்கிறது. படங்களைப் பொறுத்தவரை, முழுத் தலை நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, குறையுள்ள இடம் நெருக்கத்தில் ஒன்றிரண்டு போதும். நெருங்கி எடுக்கும்போது ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ பக்கத்தில் வைத்தால் வெடிப்பின் அளவு தெரியும். அதே இடத்தை ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துவைத்தால், வளர்கிறதா நின்றுவிட்டதா என்பதும் தெரியும்.

நேரில் போவது

இமை, வெடிப்பு, தையல் என்றால் படமே பேசிவிடும். 'முகம் சரியில்லை' என்ற குறை மட்டும் எழுத்தில் நிற்காது. அதற்கு நேரில்தான் போகவேண்டும், தலையையும் எடுத்துக்கொண்டு.

முகம் எப்படி இருக்கவேண்டும் என்பது பாடம் செய்பவர் எதைப் பார்த்துச் செய்தார் என்பதைப் பொறுத்தது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் விக்டோரியா காலத்தில் பாடம் செய்த பெரிய வால்ரஸ் (சீல் போன்ற, தந்தமுள்ள கடல் விலங்கு) ஒன்று இருக்கிறது. உயிருள்ள வால்ரஸின் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அதைப் பாடம் செய்தவர்களுக்கு அந்த விலங்கை நேரில் பார்த்த அனுபவம் இல்லை. மடிப்பு எல்லாம் நிரம்பும்வரை அடைத்துவிட்டார்கள். இன்றும் அது உப்பிப்போய்ச் சுருக்கமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் அமெரிக்காவில் பாடம் செய்யும் கலைஞரான கார்ல் ஏக்லி (1864–1926) போன்றவர்கள் வந்து, விலங்கின் தசையைப் பார்த்துச் சிற்பமாக வடித்து அதன்மேல் தோலைப் போர்த்தும் முறையை வளர்த்தார்கள். இன்றைய அச்சுகளுக்கு வேர் அங்கேதான். ஆனாலும் அச்சு என்பது அந்த இனத்தின் சராசரி ஒன்றுக்கான வடிவம். உங்கள் மானின் வடிவம் ஆகாது. கண்ணிலிருந்து மூக்குவரை உள்ள நீளத்தையும் கழுத்துச் சுற்றளவையும் அளந்து, அதற்கு நெருக்கமான அச்சைத் தேர்வார்கள். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் மானின் கழுத்து தடித்துவிடும். முன்பருவத்தில் மெலிந்து இருக்கும். எந்த மாதத்து மான் என்பது அவருக்குத் தெரியாமல் போனால் கழுத்தே மாறிப்போகும்.

அதனால் பட்டறைக்குப் போகும்போது கையில் மூன்று படமாவது இருக்கட்டும்: உங்கள் மானை வேட்டையன்று எடுத்தது, அதே இனத்தின் உயிருள்ள விலங்கு அமைதியாக நிற்பது, அதே விலங்கு காதை விறைத்து எச்சரிக்கையாகப் பார்ப்பது. மேசைமேல் தலைக்குப் பக்கத்தில் வைத்து, 'நான் நினைத்தது இது, இங்கே எனக்குத் தெரிவது இது' என்று காட்டுங்கள். பல நேரம் அவரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, 'ஆமா, கண்ணு கொஞ்சம் சுத்தியிருக்கு' என்பார். மான், ஆடு போன்ற மேயும் விலங்குகளின் கண்மணி கிடைமட்டமாக நீண்டிருக்கும். தலையைக் குனிந்தாலும் அது ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கும்படி கண் உள்ளே திரும்பிக்கொள்ளும். கண்ணாடிக் கண்ணைப் பதிக்கும்போது இந்தக் கோணம் சற்றுத் தவறினாலே, பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமல் முகம் விகாரமாகப் படும். இப்படிப்பட்ட காரணத்தை அவர் வாயாலேயே கேட்பதற்கு நேர்ப்பேச்சைவிட வேறு வழி இல்லை.

வேட்டைப் பருவம் தொடங்கிய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். அப்போது வாசல்வரை தோல் குவிந்திருக்கும். கெட்டுப்போகிற பொருள் என்பதால் அதைத்தான் அவர் முதலில் பார்த்தாகவேண்டும். முன்கூட்டியே நாள் கேட்டுவிட்டு, பேசி முடித்ததும் அன்று மாலையே 'இன்று பேசியது இதுதானே' என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்துக்கும் நேருக்கும் போட்டி வைக்கவேண்டியது இல்லை. எழுதிவிட்டுப் போவது, போய்வந்து எழுதுவது இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

இன்னொருவரிடம் காட்டுவது

இதில் இரண்டு வேறு காரியம் கலந்திருக்கிறது. கருத்துக் கேட்பது ஒன்று, கைவைக்கவிடுவது ஒன்று. கருத்துக் கேட்பதில் தவறில்லை, குறிப்பாக முதலாமவர் 'இது இப்படித்தான் இருக்கும்' என்று முடித்துவிட்டால். கேட்கும்போது யார் செய்தது என்ற பெயரைச் சொல்லாமல், இந்த இடம் ஏன் இப்படி ஆகும், சரிசெய்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டால் நேர்மையான பதில் கிடைக்கும். பெயர் தெரிந்துவிட்டால் போட்டியாளர் என்ற எண்ணமோ, சக தொழிலாளி என்ற தயக்கமோ பதிலில் கலந்துவிடும்.

கைவைக்கவிடுவது அப்படி இல்லை. இன்னொரு கை பட்ட அந்த நிமிடத்தோடு முதலாமவரின் பொறுப்பு முடிந்தது. அவர் தன் செலவில் செய்து தந்திருக்கக்கூடிய வேலைக்கு நீங்கள் மறுபடி பணம் கொடுப்பீர்கள். அவர் மறுத்துவிட்டார், அல்லது பலமுறை எழுதியும் பதிலே இல்லை, அல்லது அவருடைய மற்ற வேலைகளைப் பார்த்த பிறகு இந்தக் கையால் இது ஆகாது என்று உறுதியாகத் தெரிகிறது என்றால் மட்டும் இந்த வழி. வேறு நாட்டில் பாடம் செய்து வரவழைத்த தலை என்றால் இந்த வழிக்கு மதிப்பு கூடும்: அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் அந்த இனம் இருந்தால், பழுதுபார்க்க எல்லை தாண்டி அனுப்பவும் திரும்ப வாங்கவும் அனுமதிப் பத்திரம் தேவைப்படும். அந்த அலைச்சலைவிட, படத்தை வைத்துப் பேசிப் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்று உள்ளூரிலேயே சரிசெய்துகொள்வது நல்லது.

ஊரறியச் சொல்வதையும் வழக்கையும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டும் கடைசியில்தான். எந்த மன்றத்துக்குப் போனாலும், சரிசெய்ய அவருக்கு வாய்ப்புக் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள்; அதற்குக் காட்ட உங்கள் கடிதங்களும் படங்களும் ரசீதும் வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. சுவரில் இருப்பது உங்கள் விலங்கின் தோலே இல்லை, அல்லது கொம்பே மாறியிருக்கிறது என்று தெரிந்தால், அதைப் பழுது கேட்கும் கடிதமாக எழுதக் கூடாது. தொண்டையின் வெள்ளைத் திட்டு, காதின் கிழிசல், கொம்பின் கிளைகள் எல்லாவற்றையும் வேட்டையன்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, விளக்கம் கேட்டு எழுதுங்கள். விளக்கம் வரும்வரை தலையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

எதைக் கேட்பது?

பழுது, மறுபடி செய்து தருவது, பணம் என்று மூன்று இருக்கிறது. பெரும்பாலான இமை இடைவெளி, காதடி வெடிப்பு, மூக்கு வெடிப்புக்குப் பழுதே போதும். பிசைந்து அப்பினால் இறுகும் எபாக்சி மாவால் நிரப்பி, மேலே மெல்லிய தூரிகையாலோ காற்றுத் தூரிகையாலோ (ஏர்பிரஷ்) நிறம் தீட்டிவிட்டால் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. இவ்வளவு சின்ன வேலைக்கு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்பது பேச்சைக் கெடுக்கும்.

கண் கோணம், கழுத்து அளவு, காதின் நிலை தவறியிருந்தால் பழுதுக்குள் அடங்காது. சட்டையைப் பிரித்துத் தைப்பதுபோல் இதைப் பிரிக்க முடியாது. காய்ந்த தோல் அச்சின் வடிவத்தில் இறுகிப்போயிருக்கும். நன்றாகப் பதனிட்ட தோலைச் சில சமயம் ஊறவைத்து எடுத்துவிடலாம், ஆனால் உறுதி சொல்ல யாராலும் முடியாது. பெரும்பாலும் உங்கள் கொம்புக்கு வேறு ஒரு மானின் தோலைப் போட்டுத்தான் மறுபடி செய்வார்கள். இது தொழிலில் சாதாரணமாக நடப்பதுதான். சிலருக்கு இது பிரச்சினையே இல்லை. கொம்புதான் முக்கியம் என்பார்கள். எனக்கு அது முடியாது. வேறு தோல் போட்டுக் குறையில்லாமல் வரும் முகத்தைவிட, சற்றே கோணிய தன் முகம் அந்த மானுக்கு இருக்கட்டும் என்றுதான் நான் முடிவெடுப்பேன். நீங்கள் எப்படி என்பதை அவரிடம் போவதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு முன்னால் நின்று யோசித்தால் தலையாட்டிவிட்டு வருவீர்கள்.

சரிசெய்யவும் முடியாது, வேறு தோலும் வேண்டாம் என்ற இடத்தில்தான் பணம். கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு, தலையை நீங்களே வைத்துக்கொள்வது. எவ்வளவு என்று அவரையே முதலில் சொல்லவிட்டால், நீங்கள் கேட்க நினைத்ததற்கு மேலேயே சொல்பவர்களும் உண்டு.

இத்தனையையும்விட மலிவான நேரம் ஒன்று இருக்கிறது: மீதிப் பணம் கொடுப்பதற்கு முன். அதற்கும் முன்னால், தோலைப் போர்த்தி ஊசி குத்தி இன்னும் ஈரமாக இருக்கும் அந்த ஓரிரு நாளில், 'ஒரு படம் அனுப்ப முடியுமா?' என்று கேட்டால் பலரும் அனுப்புவார்கள். அப்போது கண்ணையோ காதையோ திருப்ப விரல் போதும். வேலையை ஒப்படைக்கும் நாளிலேயே இதைச் சொல்லி, ரசீதிலும் எழுதிவிடுங்கள்.

தாத்தா காலத்துத் தலை, கைமாறி வந்த பழைய தலை என்றால் புகார் சொல்ல ஆளே இருக்கமாட்டார், பழுது மட்டும்தான். அவற்றில் ஆர்செனிக் இருக்க வாய்ப்பு அதிகம், 18-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டுவரை தோலைக் காக்க அதைத்தான் பூசினார்கள். வெறுங்கையால் துடைக்கவோ தூசு தட்டவோ வேண்டாம்; கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுத்து, பழைய தலை என்று முதல் வார்த்தையாகச் சொல்லிக் கொடுங்கள்.

பழுதுக்குக் கொண்டுபோகும்போது காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். கொம்பின் அடியையும் பின்பலகையையும் பிடியுங்கள். வண்டியில் மூக்கு எதிலும் உரசாதபடி நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு துணியை மட்டும் போர்த்துங்கள். திரும்ப வாங்கும் நாளில் அதே கைபேசி விளக்கை அதே கன்னத்தோரம் பிடித்துப் பார்த்து, எந்த இடத்தில் என்ன செய்தார் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். புதிதாகத் தீட்டிய இடத்தை எத்தனை நாள் தொடக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.